சாமி பேருக்கே ஓர் அர்ச்சனை

திருப்போரூர் முருகன் கோயிலில் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள், "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்பார். எனக்கு முன்னால் நிற்பவர்கள் பெண்டாட்டி பிள்ளையில் தொடங்கி வெளிநாட்டில் இருக்கும் மருமகன் வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நான் மட்டும் "சாமி பேருக்கே" என்பேன். தனக்கென்று ஒன்றும் கேட்காத மனுஷன் என்று குருக்களுக்கு என்மேல் ஒரு மரியாதை. தட்டில் ஒரு முழம் பூ கூடுதலாக வைத்துத் தருவார்.

பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்குத் திக்குவாய். 'சா' என்றால் காற்று முன்னால் போகும், வார்த்தை அதன் பின்னால் சறுக்கிக்கொண்டு வந்துவிடும். என் மனைவியின் பெயர் அப்படி இல்லை. அதன் முதல் எழுத்துக்கு இரண்டு உதடும் ஒட்ட வேண்டும். ஒட்டினால் ஒட்டியதுதான், பிரியாது. பின்னால் நிற்கிற கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்க்கும். அந்த வம்பே வேண்டாம் என்றுதான் எல்லா அர்ச்சனையையும் சாமி தலையில் கட்டினேன்.

அவள் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதுவது எனக்குச் சுலபம். எழுத்தில் நான் ஒரு நாளும் திக்கியதில்லை. அவ்வளவு சுலபமாக வருவதாலேயே வேண்டாம் என்று இருக்கிறது.

அஞ்சாம் வகுப்பில் ஆரம்பித்தது தொடையில் அடித்துக்கொள்ளும் பழக்கம். வருகைப் பதிவில் என் முறை வந்தது. "உள்ளேன் ஐயா" வரவில்லை. வகுப்பே சிரிக்கிறது. ஆத்திரத்தில் வலது தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டேன். அந்த அதிர்ச்சியில் வார்த்தை குபுக்கென்று வெளியே வந்தது. ஆகா, சாவி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்தார்கள். அந்த வசம்புக்கே எங்கள் பக்கம் 'பேர் சொல்லாதது' என்றுதான் பெயர், என் ராசியைப் பாருங்கள். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொன்னார்கள். எதுவும் ஆகவில்லை. தொடையில் அடிப்பது மட்டும் நிலைத்துவிட்டது. சில வருஷத்தில் ஒரு அடி போதாமல் மூன்று ஆனது. பிறகு கண்ணை இறுக மூடுவது சேர்ந்தது, முகவாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது சேர்ந்தது. வார்த்தைக்கு முன்னால் "வந்து, வந்து" என்று நாலு தடவை சொல்வது சேர்ந்தது. வராத வார்த்தையைக் கழற்றிவிட்டு வருகிற வார்த்தையைப் போடுவது எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்தது. கேளம்பாக்கத்தில் பஸ் ஏறினால் 'திருப்போரூர்' வராது. 'மாமல்லபுரம்' மூக்கால் முனகிக்கொண்டு வந்துவிடும். அதனால் அங்கே வரைக்கும் டிக்கெட் வாங்கித் திருப்போரூரில் இறங்குவேன். "இன்னா அண்ணாத்த, மாபலிபுரத்துக்கு வாங்கிகினு இங்கயே எறங்கற?" என்று கண்டக்டர் கேட்டால், தலையைச் சொறிந்துகொண்டே இறங்கிவிடுவேன்.

வேலையும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் அமைந்தது. நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்தில், பம்ப் ஓடும் கொட்டகையில் எனக்கு வேலை. அங்கே இரைச்சலில் ஒருத்தன் பேசுவது ஒருத்தனுக்குக் கேட்காது. எல்லாருக்கும் கை ஜாடைதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் தேவைப்படாத இடமாகப் பார்த்துப் பிழைத்துக்கொண்டேன்.

மற்ற இடத்துக்கெல்லாம் அவள் இருந்தாள். என் தாய்மாமன் மகள். பால்வாடியில் டீச்சர். நாள் முழுக்க முப்பது வாண்டுகளுடன் கத்திவிட்டு வந்து, வீட்டிலும் நிறுத்தாமல் பேசுவாள். நான் வாயைத் திறந்தால் பாதியிலேயே மீதியைச் சொல்லிவிடுவாள். கறிக்கடை, ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், எங்கேயும் என் வாக்கியத்தின் பின்பாதி அவளுடையது. "எங்க மாமா பேசி முடிக்கறதுக்குள்ள கடைசி பஸ்ஸு பூடும்" என்று என் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பாள். அவள் சொன்னால் எனக்குக் கோபம் வராது. தனியாக எங்கேயாவது போய்ப் பேசிவிட்டு வந்தால் மட்டும் என் வலது தொடையில் விரல் தடம் சிவந்து கிடக்கும். வேட்டி மாற்றும்போது பார்த்துவிடுவாள். "இன்னா மாமா, இம்மாம் செவந்துகீது? பேங்குக்குப் போனியா?" என்று கேட்டுக்கொண்டே தேங்காய் எண்ணெயைத் தடவிவிடுவாள். தடத்தை எண்ணியே நான் யாரிடம், எவ்வளவு நேரம் பேசினேன் என்று சொல்லிவிடுவாள்.

நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இந்தாம்மே" என்பேன். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடும் ஆம்பளைகள் குறைவுதான், ஆகவே யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தால் பிள்ளை பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடும் வழியாவது கிடைத்திருக்கும்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் காலையில், துணிப்பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "மாமா, கோயிலுக்குப் போய்ட்டு வா. இந்த ஒரு தபா என் பேருக்குப் பண்ணு. உன் வாயால என் பேரு, நட்சத்திரம் சொல்லு. எனக்கு பயமா கீது."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான்.

போனேன். வரிசையில் நிற்கும்போதே உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். தட்டை நீட்டினேன். குருக்கள் என் முகத்தைப் பார்த்தார். உதடு ஒட்டியது. இரண்டு விநாடி இருக்கும். அதற்குள் அவரே சிரித்துக்கொண்டு, "என்ன, சாமி பேருக்குத்தானே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியே தொலைத்தேன். தீபாராதனை காட்டினார்கள், விபூதி, குங்குமம் கொடுத்தார்கள், வழக்கம்போல ஒரு முழம் பூ கூடுதல். வீட்டுக்கு வந்து குங்குமத்தை அவள் நெற்றியில் வைத்தேன். "என் பேருக்குத்தானே பண்ண?" என்றாள். "ஆமா" என்றேன். அந்த 'ஆமா' மட்டும் ஒரு திக்கல் இல்லாமல் வெண்ணெய் மாதிரி வந்தது. என்ன ஜென்மம் நான்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அவள் பால்வாடியில் ஒரு குழந்தைக்குத் திக்கல். அதன் அம்மா கேளம்பாக்கத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அதைக் கூட்டிப்போவதாக அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். "நானும் போறேன்" என்று மூன்று அடி அடித்துக்கொண்டு சொன்னேன். அவளுக்கு ஆச்சரியம். காரணத்தை நான் சொல்லவில்லை.

செல்போன் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த இடம். உட்காரக் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிதான். நாற்பத்தேழு வயதில் முழங்கால் மோவாயைத் தொட அதில் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் ஐந்து நிமிஷம் பேசுவதைப் போனில் படம் எடுத்து எனக்கே போட்டுக் காட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"சார், திக்கல் முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா பாருங்க, திக்கறது கொஞ்சந்தான். அதுலேருந்து தப்பிக்க நீங்க பண்றதுதான் நிறைய. அடிக்கறீங்க, கண்ண மூடறீங்க, வார்த்தைய மாத்தறீங்க. இதெல்லாம் நீங்க கத்துக்கிட்டது. கத்துக்கிட்டத விடலாம்."

பிறகு என் மனைவி பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்களும் ஒண்ணு விடணும். அவர் வாக்கியத்த நீங்க முடிக்கக் கூடாது. முகத்தப் பார்த்துட்டு, அவர் சொல்லி முடிக்கற வரைக்கும் இருங்க."

"நான் பேசலன்னா இவரு சோறுகூட கேக்க மாட்டாரும்மா" என்றாள் இவள்.

"கேக்கட்டும்மா. பசிச்சா கேப்பாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "இத்தினி வருசமா உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சிகினு இருந்தேனே மாமா" என்றாள். எனக்கு அந்தப் பயிற்சிக்காரப் பெண்மேல் பற்றிக்கொண்டு வந்தது. அழுகிறவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். அது வருவதற்குள் எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது.

முதலில் எண்ண வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை அடி, எத்தனை 'வந்து', எத்தனை வார்த்தை மாற்றம். கண்ணாடி முன்னால் நின்று, அடி கிளம்புவதற்கு முன் தோள் இறுகுவதைக் கண்டுபிடிக்க வேண்டும். இறுகியதும் கையை விரித்துத் தொடைமேல் சும்மா வைத்துவிட்டு, மூச்சை வெளியே விட்டு, உதட்டைப் பூ மாதிரி ஒட்டி ஆரம்பிக்க வேண்டும். கேட்கச் சுலபம். நாற்பது வருஷப் பழக்கம் சொன்ன பேச்சைக் கேட்குமா? என் மனைவி எதிரே உட்கார்ந்து முந்தானையை வாயில் கவ்விக்கொள்வாள், என் வார்த்தையை முடிக்காமல் இருக்க. நான் "த-த-தண்ணி" என்று அடிக்காமல் கேட்டு முடித்தால், பால்வாடிப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோலச் சிவப்புப் பேனாவால் என் புறங்கையில் ஒரு ஸ்டார் போடுவாள். பம்ப் கொட்டகையில் கூட இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். நான் கழுவவில்லை.

அடுத்தது வேண்டுமென்றே திக்குவது. ஒளிக்கிறதால்தான் பயம் வளர்கிறது, நீங்களே காட்டிவிட்டால் எதை ஒளிப்பீர்கள் என்றாள் அந்தப் பெண். கேளம்பாக்கம் பேக்கரியில் நின்று, கடைக்காரர் கண்ணைப் பார்த்து, "ப-ப-ப-பன்னு" என்றேன். வேர்த்துக் கொட்டியது. அவர் "எத்தினி?" என்று கேட்டார். அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் முதல்முறையாகத் திருப்போரூருக்கே டிக்கெட் வாங்கினேன்.

கடைசியாக வைத்திருந்தது அவள் பெயர். படிப்படியாகப் போகச் சொன்னாள் அந்தப் பெண்: முதலில் தனியாக, அப்புறம் இரைச்சலில், அப்புறம் போனில், அப்புறம் அவள் முகத்துக்கு நேராக, கடைசியாகக் கோயிலில். ராத்திரி ஷிப்ட் முடிந்த காலைகளில் நெம்மேலி கடற்கரைக்குப் போய்க் கடலைப் பார்த்து அவள் பெயரைச் சொல்வேன். ஒரு நாள் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர் அரக்கப்பரக்க ஓடி வந்தார். "யாரு அண்ணாத்த அது? பொம்பள யாருனா தண்ணில பூட்டாங்களா?" இல்லை, வீட்டில் நன்றாக இருக்கிறாள் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்து அவளிடம் சொன்னேன். வயிற்றில் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள். "கட்ன பொண்டாட்டி இங்க குந்திகினு கீறேன், நீ கடலுக்குச் சொல்லிகினு கீறியா?" என்றாள். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவது, நான் சன்னதியில் சொல்வது, அவள் பக்கத்தில் நின்று கேட்பது என்று முடிவு செய்தோம்.

ஆனி மாதம் மறுபடியும் வயிறு வீங்கியது. மறுபடியும் செங்கல்பட்டு. இந்த முறை டாக்டர் ஆபரேஷனைப் பற்றிப் பேசவில்லை, என்னைத் தனியாகக் கூப்பிட்டுத்தான் பேசினார். நானே கேட்டேன், நானே கேள்வியும் போட்டேன், ஒரு அடியும் இல்லாமல். அவளிடம் போய்ச் சொல்லி ஸ்டார் வாங்க முடியாத பேச்சு அது.

கிருத்திகைக்கு ஆறு நாள் இருந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "கோயிலுக்கு இந்த தபா நீ மட்டும் போவ வேண்டியதுதான் போலகீது" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "அன்னிக்கு, ஆபரேசனுக்கு மொத நாளு, சாமி பேருக்குத்தானே பண்ண?" என்றாள்.

நான் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன்.

"தெரியும் மாமா. அன்னிக்கு நீ வேட்டி மாத்தும்போது பார்த்தேன். தொடையில ஒரு தடம் இல்ல. என் பேர சொல்லியிருந்தினா பத்து அடியாச்சும் வுழுந்திருக்கும்." சிரித்தாள். "கேக்கலாம்னு இருந்தேன். உன் மூஞ்சியப் பார்த்தேன். பாவமா இருந்திச்சி. வுட்டுட்டேன்."

"ம-மன்னிச்சிக்க" என்றேன்.

"அது இன்னாத்துக்கு? இப்பத்தான் நீ அடிக்கறதே இல்லியே. இனிமே நீ பொய் சொன்னா நான் எப்டி கண்டுபுடிப்பேன்?"

அப்போதே, அங்கேயே சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. கடலுக்குச் சொன்னவன், பம்ப் கொட்டகையில் சொன்னவன், இவளுக்குச் சொல்ல மாட்டேனா? அவள் முகத்தைப் பார்த்தேன். உதடு ஒட்டியது. தோள் இறுகியது. கற்றதெல்லாம் ஒரு நொடியில் பறந்தது, வலது கை மேலே எழும்பிவிட்டது. ஊசி குத்திய கையாலேயே அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும். அடிச்சிக்காத. கிருத்திகைக்கு எப்டியாவது எழுந்து வந்துடறேன். பக்கத்துல நின்னு கேக்கறேன்" என்றாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன். அந்த நேரத்தில் தப்பித்தோம் என்றுதான் இருந்தது. நான் சொன்ன பொய்யை அவளே மன்னித்துவிட்டாள். இந்த அப்பாடாவை நான் மன்னிக்கவில்லை. இன்னும் பத்து விநாடி உட்கார்ந்திருந்தால் அந்த உதடு பிரிந்திருக்கும். திக்கித் திணறி, அடித்துக்கொண்டாவது சொல்லியிருப்பேன். அவளும் கேட்டிருப்பாள்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் போய்விட்டாள். கிருத்திகை அன்றைக்குத் தீட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் காவடி போகிற சத்தமும் அரோகராவும் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தன.

பதினாறாம் நாள் காரியத்தை மாமல்லபுரம் கடற்கரையில் வைத்துக்கொண்டோம். பிள்ளை இல்லாததால் நான்தான் செய்ய வேண்டும். மணலில் உட்காரவைத்து, விரலில் தர்ப்பை மோதிரம் போட்டு, வலது உள்ளங்கையில் எள்ளை வைத்தார் ஐயர். பக்கத்தில் என் மனைவியின் தம்பி தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தான்.

"உங்க வீட்டம்மா பேரச் சொல்லி, மூணு தடவ எள்ளும் தண்ணியும் விடுங்கோ" என்றார் ஐயர்.

"சாமி, மாமாவுக்கு வராது. நான் சொல்றேன்" என்றான் தம்பி.

இடது கையைக் காட்டி அவனை நிறுத்தினேன். கடலைப் பார்க்கவில்லை. ஐயர் கண்ணையே பார்த்தேன். மூச்சை விட்டேன். உதட்டை லேசாக ஒட்டினேன். முதல் எழுத்து நாலு தடவை தடுக்கியது. தடுக்கட்டும் என்று விட்டேன். கண்ணை மூடவில்லை. வேறு வார்த்தைக்கு ஓடவில்லை. அவள் பெயர் முழுசாக வெளியே வந்தது. தம்பி தண்ணீர் ஊற்றினான், எள் மணலில் இறங்கியது. இரண்டாவது தடவை இரண்டே தடுக்கல். மூன்றாவது தடவை, எல்லாரும் சொல்வதுபோல, சாதாரணமாக வந்தது.

சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். "அக்கா இத கேக்கலியே மாமா" என்றான். "ஒரு தபாகூட கேக்காம பூட்டாளே."

ஐயர் அடுத்ததாகப் பிண்டத்தை எடுக்கச் சொன்னார், எடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, உப்புத்தண்ணீரில் நனைந்த வேட்டியை அவிழ்த்தேன். தானாகவே கண் வலது தொடைக்குப் போயிற்று. சுத்தமாக இருந்தது. ஒரு விரல் தடம் இல்லை. அவள் இருந்து பார்த்திருந்தால், "இன்னிக்கும் சாமி பேருக்குத்தானே மாமா?" என்று கேட்டிருப்பாள். இல்லடி, உன் பேருக்குத்தான் என்று காட்ட என் உடம்பில் ஒன்றும் இல்லை.